பாறையின் மேல் ஒரு நிறம், இலையின் அடியில் ஒரு நிறம்

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. பத்திரத்தில் ஆறு ஏக்கர் என்று இருந்தாலும் காப்பி நிற்பது நான்கு ஏக்கரில்தான். மீதி இடத்தின் பெரும்பகுதியை வெட்டவெளியாகக் கிடக்கும் ஒரு பாறை எடுத்துக்கொண்டுவிட்டது. அதன் மேல் மண் தங்காது, மரம் வேர் பிடிக்காது. அப்பா காலத்திலிருந்தே மிளகு காயப்போடுவதற்கும், பழம் எடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்து மதியச் சோறு உண்பதற்கும் அந்தப் பாறைதான் இடம். அதைச் சுற்றி சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை நிழலில் காப்பிச் செடிகள் இறங்கிப் போகின்றன.

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு முற்பகல் வேளையில், செடிகளைப் பார்த்துக்கொண்டே மேலேறி வந்தபோது, பாறை ஓரத்துச் செடி ஒன்றில் பழுத்துப்போன ஓர் இலையைப் பறித்துத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் நான்கைந்து இடங்களில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருந்தது. கட்டைவிரலால் தடவியதும் மஞ்சளும் குங்குமமும் கலந்து குழைத்த தூள் போல விரலின் ரேகைகளுக்குள் அது இறங்கிவிட்டது. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பத்தடி தூரத்தில் பாறை விளிம்பில் ஓர் ஆண் ஓணான் தலையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தது. அதன் தலையிலும் முதுகிலும் ஏறக்குறைய அதே நிறம். விரலையும் ஓணானையும் மாறி மாறிப் பார்த்தேன். வெயிலில் நின்ற ஓணானின் நிறம் சற்றே அழுத்தமாக இருந்தது என்பதைத் தவிர, இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆண்டாக இந்த இரண்டு உயிர்களையும் அருகருகே வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று காப்பி இலைத்துருவை உண்டாக்கும் பூஞ்சை. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மற்றொன்று தென்னிந்தியாவின் பாறை ஓணான், சாமோபிலஸ் டார்சாலிஸ். ஒன்றை ஒன்று உண்பதில்லை, ஒன்றின் வாழ்வில் மற்றொன்றுக்கு வேலையும் இல்லை. என் நிலத்தில் இரண்டும் இருக்கின்றன என்பதும், இரண்டும் ஒரே நிறத்தை அணிகின்றன என்பதும் மட்டுமே அவற்றுக்கு இடையிலுள்ள உறவு. ஆயினும் அந்த நிறம் இரண்டிடமும் செய்கிற வேலை வேறு, அது பிறக்கும் காலக்கணக்கு வேறு என்பது புரியப் புரிய, இருபது ஆண்டுகளாக நான் செடிகளைப் பார்த்துவந்த விதமே மாறிவிட்டது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் ஓணான். எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு ஓணான் என்றால் எதிரி. இராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்தது, ஓணான் சிறுநீரைக் கொடுத்தது என்று ஒரு கதை சொல்லுவார்கள். அந்தக் கதையின் பலத்தில் ஓணானை எது செய்தாலும் பாவமில்லை என்று ஆகிவிடும். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலிருந்து நீட்டி, கழுத்தில் மாட்டிச் சுண்டி இழுப்பதில் என் வயதுப் பையன்களில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் இன்றைக்கு என்னை உறுத்துகிறது. எத்தனை உயிர்களைக் கல்லால் அடித்தோம் என்று கணக்கு இல்லை. ஓணானை ஆராய்கிறவர்களும் இதே போன்ற சுருக்குக் கம்பால்தான் பிடிக்கிறார்கள், அளவெடுத்துக்கொண்டு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது, அந்தக் கருவி எங்கள் கையிலும் இருந்ததே, விட்டுவிடுகிற மனம் இல்லாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது.

பாறை ஓணானில் பெண்ணும் குஞ்சுகளும் பாறையின் நிறத்திலேயே இருக்கும். பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி போட்ட உடல். அசையாமல் இருந்தால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. ஆண் உருவத்தில் பெரியது. கோடை மழை தொடங்கும் காலத்திலிருந்து இனப்பெருக்கப் பருவம் முழுவதும் அதன் தலையும் முதுகும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு வரை ஏறிவிடும், விலாப்பக்கம் கறுத்துவிடும். பாறையில் உயரமான ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னங்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்கி, தலையை ஆட்டி, தாடையின் கீழ்த்தோலை விரித்துக் காட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் பாறையில் மிளகு காயும் பாய்க்கு வடக்கே ஒரு சிறு முண்டு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஓர் ஆண் அந்த முண்டைத்தான் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ஓணானா, ஆண்டுக்கு ஒன்றா என்று எனக்குத் தெரியாது. இடம் மட்டும் மாறுவதில்லை.

அந்த நிறம் நிலையாக ஒட்டியிருக்கும் நிறம் அல்ல என்பதைக் கவனிக்கவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கர் குழுவினர் இந்த ஓணானை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஆணுக்கு எதிரே இன்னோர் ஆணை நிறுத்தினால் முதுகு மஞ்சளாகவும் விலா ஆரஞ்சாகவும் மாறுகிறது. பெண்ணை நிறுத்தினால் முதுகு சிவந்து விலா கறுக்கிறது. பெண்ணைக் கவரும்போது இரண்டு நிறங்களுக்கும் இடையிலுள்ள எடுப்பு மிகுதி. போட்டியாளனைக் கண்டால் மாற்றத்தின் வேகம் மிகுதி. எதிரில் நிற்பது யார் என்பதைப் பொறுத்து ஒரே உடல், சில நொடிகளிலும் நிமிடங்களிலும், இரண்டு வேறு செய்திகளை எழுதிக் காட்டுகிறது. இதைப் படித்த பிறகு, எங்கள் பாறையில் இரண்டு ஆண்கள் முண்டுக்காக மோதிக்கொண்ட ஒரு காலை நேரத்தை மிளகுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தோற்ற ஓணான் பாறை இடுக்குக்குள் போய்ச் சேர்வதற்குள் அதன் முதுகிலிருந்து நிறம் வடிந்துவிட்டது. ஈரமான துணி காய்வதைப் போல, ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் பழுப்பு பரவியதைக் கண்ணால் கண்டேன்.

இனி துரு. காப்பி இலையின் மேற்பரப்பில் சுவாசத் துளைகள் கிடையாது, எல்லாம் அடிப்பக்கத்தில்தான். துருப் பூஞ்சையின் வித்துத்தூள் காற்றிலும் மழைச் சாரலிலும் மிதந்து வந்து இலையின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு நாளாவது ஈரம் உலராமல் நிற்க வேண்டும். இருபது முதல் இருபத்தைந்து பாகை வரை வெப்பம் இருந்தால் அதற்கு மிக உகந்தது. வெளிச்சம் மிகுந்தால் அது முளைக்கத் தயங்கும். முளைத்தபின் ஓர் இழையை விட்டு, துளையைத் தேடிச் சென்று, அதன் வழியாக உள்ளே இறங்குகிறது. உள்ளே போனதும் செல்களைக் கொன்றுவிடுவதில்லை. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் ஓர் உறிஞ்சு உறுப்பைச் செலுத்தி, செடி தனக்காகச் சமைத்த உணவைத் தான் எடுத்துக்கொள்கிறது. செத்த இலையில் அதற்கு வாழ்வில்லை; ஆகவே இலை உயிரோடு இருக்க வேண்டியது அதன் தேவையும் ஆகும். இந்த ஏற்பாடு மூன்று வாரங்களுக்குக் குறையாமல், சில சமயம் ஆறு வாரங்கள் வரைகூட, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் நடக்கிறது. அதன் பிறகுதான் வெளிறிய மஞ்சள் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளிக்கு நேர் அடியில், பூஞ்சை எந்தத் துளைகளின் வழியே உள்ளே போனதோ அதே போன்ற துளைகளின் வழியே, கொத்துக் கொத்தாக வித்துகளை வெளியே நீட்டும். ஆரஞ்சு நிறம் அப்போதுதான் பிறக்கிறது. ஒரே புள்ளியிலிருந்து சில மாதங்களில் சில இலட்சம் வித்துகள் கிளம்பும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு நண்பர் கொடுத்த பழைய நுண்ணோக்கியில் அந்தப் பொடியை ஒரு முறை பார்த்தேன். ஒவ்வொரு வித்தும் ஆரஞ்சுச் சுளையைப் போல ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கிறது. குவிந்த பக்கம் முழுவதும் முள் முள்ளாகச் சொரசொரப்பு. தட்டையான பக்கம் வழுவழுப்பு. ஹெமிலியா என்ற பெயருக்கே பாதி வழவழப்பானது என்றுதான் பொருள். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்பவள். பெயர் வைத்தவர் ஒரே சொற்றொடரில் நுண்ணோக்கியில் கண்டதையும் தோட்டத்தில் நடந்ததையும் சேர்த்துவிட்டார். ஓணானின் பெயரில் இருக்கும் டார்சாலிஸ் முதுகைக் குறிப்பது. ஒன்றின் நிறம் உலகம் பார்க்க முதுகின் மேல் இருக்கிறது. மற்றொன்றின் நிறம் யாரும் குனிந்து திருப்பினாலொழியத் தெரியாதபடி இலையின் வயிற்றுப் பக்கம் இருக்கிறது.

நிறத்தின் பொருள் என்ன என்று பார்த்தால், இரண்டும் முழுக்க அந்நியமும் இல்லை. துருவின் ஆரஞ்சு கரோட்டினாய்டு என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பப்பாளியிலும் பரங்கிக்காயிலும் நாம் உண்கிற அதே குடும்பம். பூஞ்சை அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள வல்லது. விலங்குகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்த வல்லமை இல்லை. உணவின் வழியாகத்தான் பெற வேண்டும். ஓணான் குடும்பத்தில் ஆராயப்பட்ட இனங்களில், உணவிலிருந்து வந்த கரோட்டினாய்டும், உடலே உண்டாக்கும் டெரிடின் என்ற வேறொரு நிறமியும் தோலின் நிறச்செல்களில் சேர்ந்து மஞ்சளையும் சிவப்பையும் தருகின்றன. அவற்றுக்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படிகங்கள் கொண்ட செல்கள் ஓர் அடுக்கு. அதற்கும் அடியில் கருநிறமி கொண்ட செல்கள். கருநிறமி செல்லுக்குள் விரிந்தால் உடல் கறுக்கிறது, சுருங்கினால் மேலுள்ள நிறம் பளிச்சிடுகிறது. ஓணான் புதிதாக வண்ணம் பூசிக்கொள்வதில்லை; இருக்கிற திரையை விலக்கியும் மூடியும் காட்டுகிறது. அதனால்தான் அத்தனை விரைவு.

அந்த நிறத்துக்கு ஒரு விலையும் உண்டு. பாறை உச்சியில் சிவந்து நிற்கும் ஆண், பெண்ணின் கண்ணில் மட்டும் படுவதில்லை. வல்லூறின் கண்ணிலும் படும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்றை வல்லூறு தூக்கிப் போனதைப் பார்த்தேன்; மறுநாள் காலை அந்த முண்டில் வேறோர் ஆண் நின்றது. பார்க்கப்படுவதற்காகவே உண்டான நிறம் அது. பார்க்கிற கண் இல்லையென்றால் அந்த நிறத்துக்கு வேலையே இல்லை. துருவின் நிறமோ எந்தக் கண்ணையும் எதிர்பார்க்கவில்லை. காற்றும் தண்ணீரும்தான் அதைச் சுமக்கின்றன; அவற்றுக்குக் கண் கிடையாது. இலையின் அடியில், நிழலில், ஈரத்தில் இருக்கும் அந்த ஆரஞ்சு, தான் ஆரஞ்சாகத் தெரிய வேண்டும் என்று இருக்கவில்லை. அதைச் செய்தியாக ஆக்கிக்கொண்டவர்கள் நாம்தான்.

இங்கேதான் என் மனத்தில் நெடுநாள் இருந்த குழப்பம் தீர்ந்தது. ஓணானின் சிவப்பு இப்போது நடப்பதைச் சொல்கிறது: இந்தக் கணத்தில் என் எதிரே ஒரு பெண் நிற்கிறது, இந்தக் கணத்தில் இந்த இடம் என்னுடையது. அடுத்த கணத்தில் நிலைமை மாறினால் நிறமும் மாறிவிடும். துருவின் ஆரஞ்சு சொல்வது, நான் வந்து ஒரு மாதம் ஆகிறது என்பதை. நாம் அதைப் பார்க்கும் நேரத்தில் அதன் வித்துகள் அடுத்த செடிக்கும் அதற்கு அடுத்த செடிக்கும் போய், அங்கே இன்னும் பச்சையாகவே இருக்கும் இலைகளுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். ஒரே நிறத்தைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரியான செய்தி என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை. அந்தப் பிழையை நான் செய்தேன். எனக்கு முன்னால் ஒரு நாடே செய்தது.

இலங்கையில் 1869ஆம் ஆண்டு, ஊவாப் பகுதியில் மடுல்சீமையில் உள்ள காப்பித் தோட்டங்களில் இந்தப் புள்ளிகளை முதன்முதலாகக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த துவைட்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பூஞ்சையியல் அறிஞரும் பாதிரியாருமான பெர்க்லி அதைப் புதிய இனம் என்று கண்டு, அந்த ஆண்டே பெயர் வைத்து வெளியிட்டார். துரைமார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலை உதிர்ந்தால் மறுபடி துளிர்க்கிறதே, காப்பியின் விலையும் ஏறிக்கொண்டிருக்கிறதே என்று, நோய் பரவிய பிறகும் புதிய காட்டை வெட்டிப் புதிய செடிகளை வைத்தார்கள். மலைக்குப் பின் மலையாக இடைவெளியே இல்லாமல், பெரும்பாலும் நிழலும் இல்லாமல், ஒரே பயிர். ஓர் ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு எடைக் காப்பியை 1870இல் ஏற்றுமதி செய்த இலங்கை, 1889இல் ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டுக்கு வந்து நின்றது. இடையில் 1884இல் ஓரியண்டல் வங்கிக் கார்ப்பரேஷன் என்ற பெரிய வங்கியும் சாய்ந்தது.

இந்தக் கதையில் நம்மவர்களின் பங்கைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம். காப்பிக் காலத்தில் பழம் எடுக்கும் பருவத்துக்குப் போய், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் பலர். காப்பி அழிந்து தேயிலை வந்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள ஆள் தேவைப்பட்டதால், குடும்பம் குடும்பமாக லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்கிவிட வேண்டியதாயிற்று. மலையகத் தமிழர் இன்று அந்த மண்ணில் வேரூன்றி இருப்பதற்குக் காரணங்கள் பல உண்டு; இலையின் அடியிலிருந்த ஆரஞ்சுப் பொடியும் அவற்றுள் ஒன்று. என் பாட்டியின் பெரியப்பா ஒருவர் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் சொல்லுவார்கள். அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதுகூட எங்களிடம் இல்லை.

துருவை உண்மையில் முதலில் புரிந்துகொண்டவர் ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். இலங்கைக்கு 1880இல் அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 26. இரண்டு ஆண்டுகள் தங்கி, வித்து எப்படி முளைக்கிறது, எந்தத் துளை வழியே நுழைகிறது, எத்தனை நாள் மறைந்திருக்கிறது என்பதையெல்லாம் படிப்படியாக நிறுவினார். கண்ணாடிச் சில்லுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். எனக்கு அவரிடம் பெரும் மதிப்பு உண்டானது இந்தக் கண்ணாடிச் சில்லுகளால்தான். இலை நிறம் மாறும் வரை காத்திருக்காமல், நிறம் பிறப்பதற்கு முன்பே அது வந்து சேரும் வழியில் போய் நின்று பார்த்தவர் அவர். பூஞ்சை உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது, முன்கூட்டியே காக்க வேண்டும் என்றும், ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் பரப்பியதுதான் இதற்குத் தீனி என்றும் எழுதினார். தோட்டக்காரர்கள் கேட்டது குணப்படுத்தும் மருந்து. அது அவரிடம் இல்லை. ஏமாற்றத்தோடுதான் அவரை அனுப்பிவைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1885இல், பிரான்சில் திராட்சைக் கொடியின் நோய்க்காக மில்லார்தே என்பவர் மயில் துத்தமும் (செம்பு சேர்ந்த நீல உப்பு) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை வெளியிட்டார். முன்கூட்டியே காப்பதற்கான மருந்து கிடைத்தபோது இலங்கையின் மலைகளில் காக்க வேண்டிய காப்பி அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

தென்னிந்தியாவுக்கும் துரு அதே காலத்திலேயே வந்துவிட்டது. இங்கே காப்பி முழுவதும் அழியாமல் நின்றதற்கு நிழலும், பல மரம் பல பயிர் என்று கலந்து வைத்ததும், தாங்கும் வகைகளைத் தேடிப் பிடித்ததும் காரணங்கள். மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர் 1911 வாக்கில் நோய் தாங்கி நின்ற செடிகளைத் தெரிந்தெடுத்தார். அவை கென்ட் என்றே பெயர் பெற்றன. சில ஆண்டுகளில் அவையும் துருவுக்கு இரையாயின. ஏன் என்று பார்த்த பாலேஹொன்னூர் ஆய்வு நிலையத்தின் மேய்ன், 1930களில், துருவிலேயே பல இனப்பிரிவுகள் உண்டு, ஒரு பிரிவை எதிர்த்து நிற்கிற செடி மற்றொரு பிரிவுக்கு வழிவிடுகிறது என்று கண்டார். எங்கள் தோட்டத்தில் பழைய செடிகள் எஸ்.795 என்ற வகை, கென்ட்டை ஒரு பக்கத்துப் பெற்றோராகக் கொண்டு உருவானது. பிற்பாடு அப்பா ஓரமாக வைத்தது காவேரி; குட்டையான செடி, நிறையக் காய்க்கும். நட்டபோது துரு வரவே வராது என்றார்கள். வந்தது. இப்போது தோட்டத்தில் முதலில் புள்ளி தெரிவதே அந்த வரிசையில்தான்.

என் பிழையைச் சொல்கிறேன். அப்பா காலமான மறு ஆண்டு, பருவமழைக்கு முந்திய தெளிப்பை நான் செய்யவில்லை. கையில் பணம் இறுக்கமாக இருந்தது. அதைவிட, செடிகளெல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன. நூறு இலைகளைத் திருப்பிப் பார்த்தும் ஒரு புள்ளி இல்லை. நோய் இல்லாத செடிக்கு எதற்கு மருந்து என்று நினைத்தேன். நீண்ட காலமாக எங்களுக்கு மருந்தடித்துத் தரும் பெரியவர், "தம்பி, புள்ளி தெரிஞ்ச பிறகு அடிக்கிற மருந்து புள்ளிக்குத்தான் ஆகும், செடிக்கு ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. அந்த ஆண்டு காய் நன்றாகப் பிடித்திருந்தது. மழை விட்டு விட்டு நீண்டது. நவம்பரில் தெற்குச் சரிவு முழுவதும் இலை கொட்டிப்போய், சிவக்காத காய்களோடு குச்சி குச்சியாக நின்றது. இலை இல்லாத கிளையில் காய் இருந்தால் செடி தன் உடம்பைக் கரைத்துக் காயைத் தாங்கும். அடுத்த ஆண்டு அந்தக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்தன. கவாத்துக் கத்தியோடு போய் ஏறத்தாழ முந்நூறு செடிகளைத் தூர் வரை வெட்டிவிட்டோம். மறுபடி அவை காய்க்க மூன்று ஆண்டுகள் ஆயின.

துருவுக்கும் எதிரிகள் உண்டு என்பதை அந்தக் கெட்ட ஆண்டில்தான் கண்டேன். சில புள்ளிகளில் ஆரஞ்சுப் பொடியின் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. துருவையே உண்டு வாழும் இன்னொரு பூஞ்சை அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வேறு சில புள்ளிகளில் கடுகில் பாதியளவு கூட இல்லாத புழுக்கள் ஊர்ந்தன. மைக்கோடிப்ளோசிஸ் என்ற சிறு ஈயின் புழுக்கள். வித்துகளைத் தின்றே வளர்பவை. தின்ற வித்தின் நிறம் உடலெங்கும் தெரிய, அவையும் ஆரஞ்சாகவே இருந்தன. தோட்டத்தைக் காப்பாற்றும் அளவுக்கு அவற்றால் முடியவில்லை என்றாலும், என் பிழையின் நடுவே யாரோ எனக்காக வேலை செய்துகொண்டிருந்ததைப் போல ஒரு நெகிழ்ச்சி ஏற்பட்டது.

உலகில் வேறெங்கும் இந்தப் பாடம் இன்னும் முடிந்துவிடவில்லை. பிரேசிலின் பாகியாவில் 1970இல் துரு கால் வைத்தது. 2012, 2013இல் மத்திய அமெரிக்கா முழுவதும் பரவி, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் போன்ற நாடுகள் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அங்கேயும் யாரோ ஒரு சிறு விவசாயி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஆண்டு மே மாதக் கடைசியில் தெளிப்புக்கு நாள் குறித்தோம். பாறையின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்களை வைத்து, ஒன்றில் ஒரு கிலோ மயில் துத்தத்தைத் துணியில் முடிந்து தொங்கவிட்டுக் கரைத்தோம். மற்றொன்றில் ஒரு கிலோ சுண்ணாம்பை நீற்றி வடிகட்டினோம். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்கி, மொத்தம் இருநூறு லிட்டருக்குக் கொண்டுவந்தபோது வானத்து நீலத்தில் கலவை திரண்டது. பாறை முண்டில் அந்த ஆண்டின் ஆண் ஓணான், எங்கள் ஆரவாரத்துக்குச் சற்றே பின்வாங்கி, சிவந்த முதுகோடு மறுபடி வந்து நின்றது. பெண் ஒன்று கீழே இடுக்கின் வாயில் இருந்தது. ஓணான் ஏறி இறங்குவதை நிறுத்தவே இல்லை.

பெரியவர் தன் இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை உருவி, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கலவைக்குள் அமிழ்த்தி ஒரு நிமிடம் போல வைத்திருந்து எடுத்தார். இரும்பின் மேல் செம்பு படிந்து கத்தியின் அலகு செந்நிறமாகியிருந்தது. சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகிவிடும். இன்னும் இரண்டு கைச் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கினேன். கத்தியைத் தேய்த்து மறுபடி அமிழ்த்தினார். நிறம் இலேசாக ஏறியது. இன்னொரு கை ஊற்றினேன். மூன்றாம் முறை கத்தி போன மாதிரியே வெள்ளையாக வெளியே வந்தது. பெரியவர் அதை வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு, "அடிப்பக்கம் நனையணும் தம்பி, மேலே பட்டா போதாது" என்று சொல்லிக்கொண்டே தெளிப்பானை முதுகில் ஏற்றினார். நான் முன்னால் போய், ஒரு புள்ளியும் இல்லாத காவேரி வரிசையின் முதல் செடியின் கிளையைத் தூக்கிப் பிடித்தேன்.